இரண்டு பக்கமாகப் பேசாத அரசி

சோஃபோக்ளிஸ் எழுதிய 'ஈடிபஸ் ரெக்ஸ்' என்ற பழைய கிரேக்க நாடகத்தை வகுப்பில் முதன்முதலாக எடுத்த நாளில், தலைப்பைக் கரும்பலகையில் எழுதி முடிக்கும் முன்பே கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "மேம், இவன்தானே அப்பனைக் கொன்னுட்டு ஆத்தாவையே கட்டிக்கிடுவான்?" வகுப்பே சிரித்தது. ஒரு வாரமாகப் பொத்திப் பொத்தித் தயார் செய்திருந்த என் மர்மம் அதோடு போயிற்று. கைடின் முதல் பக்கத்திலேயே கதைச்சுருக்கம் இருக்கிறது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கலைக்கல்லூரி. பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு, ஐம்பது பேருக்கு மேல். பெரும்பாலோர் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர்கள். 'கிளாசிக்' என்ற சொல்லைக் கேட்டாலே பேனாவை மூடி வைத்துவிடுவார்கள். நானும் அப்போது புதிது. பயத்தில் எல்லாரும் செய்வதையே செய்தேன். நோட்ஸ் கொடுத்தேன். துன்பியல் என்றால் என்ன, அரிஸ்டாட்டில் சொன்னது என்ன, நாயகனை வீழ்த்தும் குணக்குறை, அதாவது 'ட்ராஜிக் ஃப்ளா' என்ன, ஹியூப்ரிஸ் என்கிற ஆணவம் என்ன. மூன்று வாரம் டிக்டேஷன். இன்டர்னல் தேர்வுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தால் எல்லாத் தாளிலும் ஒரே வாக்கியம்: ஈடிபஸின் வீழ்ச்சிக்கு அவனது கோபமும் ஆணவமுமே காரணம். நான் சொன்ன அதே வாக்கியம்தான், நான் சொன்ன அதே இலக்கணப் பிழையோடு.

இது எங்கள் ஊர் வியாதி மட்டுமில்லை என்று பின்னால் தெரிந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த இ.ஆர். டாட்ஸ் 1966-ல் ஒரு கட்டுரை எழுதினார். அங்கே தேர்வெழுதிய மாணவர்களிடம் இந்த நாடகத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு, வந்த விடைகளைப் பார்த்து நொந்துபோய் எழுதியது. விடைகள் மூன்று வகை. அவன் தப்பு செய்தான், தண்டனை கிடைத்தது என்பது ஒன்று. எல்லாம் விதி, அவன் வெறும் பொம்மை என்பது இரண்டாவது. நாடகாசிரியர் கலைஞர், அவருக்கு இந்த விசாரமெல்லாம் கிடையாது என்பது மூன்றாவது. மூன்றுமே பிசகு என்பது டாட்ஸின் கட்சி. முதல் இரண்டு விடைகளையும் நான் வருடா வருடம் கட்டுக்கட்டாகத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆக்ஸ்ஃபோர்டுப் பிள்ளைகளும் இதையேதான் எழுதினார்கள் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

நோட்ஸை நிறுத்தியது நான்காவது வருடம்தான். துணிச்சல் என்று சொல்ல முடியாது. தொண்டை கட்டியிருந்தது, டிக்டேஷன் கொடுக்க முடியவில்லை. சரி, நீங்களே வாசியுங்கள் என்று பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்தேன்.

மொத்த நாடகமே ஏறத்தாழ 1530 வரிதான். தடையில்லாமல் வாசித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எங்கள் வேகத்துக்கு ஐந்து பீரியட் ஆயிற்று. இதில் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். எல்லார் கையிலும் ஒரே மொழிபெயர்ப்பு இருக்க வேண்டும். செல்போனில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் 1912-ல் வந்த ஸ்டோர் மொழிபெயர்ப்பு. 'தவ்', 'தீ' என்று பழைய ஆங்கிலம்; பிள்ளைகள் அதில் தடுக்கி விழுவார்கள். எளிய உரைநடையில் உள்ள ஒன்றைத் தேர்ந்து வாங்கச் சொல்வது நல்லது. அப்புறம், நடுவில் நிறுத்தி விளக்கம் சொல்லக் கூடாது. எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஒரு வரி புரியாவிட்டால் போகட்டும், காட்சி புரிந்தால் போதும். தனியாக ஆங்கிலம் வாசிக்க வெட்கப்படுகிறவர்களைக் கோரஸில், அதாவது ஒன்றாகச் சேர்ந்து பேசும் கூட்டத்தில், போட்டேன். சோஃபோக்ளிஸின் கோரஸில் பதினைந்து பேர். எங்களிடமும் வெட்கப்படுகிறவர்கள் கிட்டத்தட்ட அவ்வளவு பேர் இருந்தார்கள். கூட்டமாக வாசிக்கும்போது யார் உச்சரிப்பு தப்பு என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் அவர்களில் இரண்டு பேர் தாங்களாகவே வந்து தனிப் பாத்திரம் கேட்டார்கள்.

யொகாஸ்டா தீப்ஸ் நகரத்து அரசி, ஈடிபஸின் மனைவி. அவளாக வாசித்தவள் அதிகம் பேசாத பெண். கொரிந்திலிருந்து தூதன் வரும் காட்சி. ஈடிபஸ் தன் தகப்பன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பாலிபஸ் இறந்துவிட்டான் என்ற செய்தியோடு அந்தக் கிழவன் வருகிறான். ஈடிபஸும் அவனும் பேசிக்கொண்டே போகிறார்கள். பாலிபஸ் உன்னைப் பெற்றவனில்லை, குழந்தையாக உன்னை நான்தான் அவரிடம் கொடுத்தேன் என்கிறான் தூதன். அந்த இடத்தில் அவள் கையைத் தூக்கினாள்.

"மேம், என் போர்ஷன் எங்க இருக்குன்னு தெரியல. ரெண்டு பக்கமா எனக்கு ஒண்ணுமே இல்ல. நான் உள்ள போயிட்டேனா?"

இல்லை, நீ மேடையில்தான் நிற்கிறாய் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. தொடர்ந்து அறுபதுக்கும் அதிகமான வரிகளில் யொகாஸ்டா வாயே திறப்பதில்லை. ஆனால் அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எம்.ஏ.யில் ஒரு தடவை, பாடம் எடுக்க மூன்று தடவை என்று இந்த நாடகத்தைப் படித்திருக்கிறேன். பக்கத்தில் அச்சாகாத ஒன்று என் கண்ணில் பட்டதேயில்லை. அந்தப் பாத்திரத்தை வாசிக்கிறவளுக்குத்தான் தெரியும், தனக்கு வரி இல்லையென்று.

"அப்ப நான் சும்மா நின்னுக்கிட்டு என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியிலேயே மூன்று பீரியட் ஓடியது. அவளுக்கு உண்மை எந்த வரியில் தெரிந்தது? திரும்ப வாசித்துக் கண்டுபிடியுங்கள் என்றேன். தூதன் கணுக்காலைப் பற்றிச் சொல்லும் இடம் என்று ஒருவன் சொன்னான். குழந்தையின் கணுக்கால்கள் துளைத்துக் கட்டப்பட்டிருந்தன, நான்தான் அவிழ்த்தேன், உன் பெயரே அதனால்தான் என்கிறான் தூதன். ஈடிபஸ் என்றால் வீங்கிய பாதம் என்றுதான் அர்த்தம். யொகாஸ்டாவுக்கு அந்தக் கணுக்கால் தெரியும். முன்னாலேயே அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள்: குழந்தை பிறந்து மூன்று நாள்கூட ஆகவில்லை, என் முதல் புருஷன் லாயஸ் அதன் கணுக்கால்களைப் பிணைத்து, வேறு ஆட்களிடம் கொடுத்து மலையில் எறியச் சொன்னான் என்று.

உடனே அடுத்த கேள்வி வந்தது. "அப்ப ஈடிபஸுக்கு ஏன் அன்னைக்கே தெரியல? அவன் கால்லதானே தழும்பு இருக்கு?"

அந்தப் பேச்சை எடுத்துப் பார்த்தோம். லாயஸைக் கொள்ளையர்கள் மூன்று சாலை கூடும் இடத்தில் கொன்றார்கள் என்பதை யொகாஸ்டா முதலில் சொல்கிறாள். கணுக்கால் அதற்கு அடுத்த வரியில்தான் வருகிறது. அவள் முடித்ததும் ஈடிபஸ் என்ன கேட்கிறான்? "மூன்று சாலை கூடும் இடம் என்றா சொன்னாய்?" அவன் காது அங்கேயே நின்றுவிட்டது. தான் அப்படி ஒரு சந்திப்பில் ஒரு கிழவனை அடித்துக் கொன்றது ஞாபகம் வந்தபின் அடுத்த வரி அவனுக்குள் போகவேயில்லை. "ரிசல்ட் படிக்கும்போது நம்ம நம்பர் இல்லன்னா அப்புறம் படிக்கிறது எதுவும் காதுல விழாதுல்ல, அந்த மாதிரி" என்றான் ஒருவன். இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அன்றிலிருந்து கரும்பலகையில் ஒரு கட்டம் போடுவது வழக்கமாயிற்று. மேலே பெயர்கள்: குறி சொல்லும் டைரீசியஸ், யொகாஸ்டாவின் சகோதரன் கிரியோன், யொகாஸ்டா, தூதன், மேய்ப்பன், ஈடிபஸ். கடைசியில் 'நாம்'. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் யாருக்கு என்ன தெரியும் என்று நிரப்ப வேண்டும். 'நாம்' கட்டம் முதல் நாளே நிரம்பிவிடும், கடைசி பெஞ்சுக்காரனின் புண்ணியத்தில். இப்போதெல்லாம் அவனைப் போல யாராவது கதையைப் போட்டு உடைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. ஏதென்ஸில் இந்த நாடகத்தை முதன்முதலாகப் பார்க்க உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கதை தெரியும். எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் விடிய விடிய அரிச்சந்திரன் மயான காண்டம் பார்க்கிற பாட்டிகளுக்கு முடிவு தெரியாதா? சுடலையில் நிற்கிற தன் புருஷனைச் சந்திரமதி எப்போது கண்டுகொள்வாள் என்று தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள். தாலிப் பேச்சு வரும் இடத்தில் அவர்கள் முந்தானை கண்ணுக்குப் போய்விடும், நடிகர் வாய் திறப்பதற்கு முன்பே. வகுப்பில் 'டிராமாட்டிக் ஐரனி', அதாவது பாத்திரத்துக்குத் தெரியாதது பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருப்பது, என்று நான் மூன்று வருடம் டிக்டேட் செய்ததை இந்த உதாரணத்தில் மூன்று நிமிடத்தில் முடித்தேன்.

கட்டத்தைப் போட்டால் சில விநோதங்கள் தாமாகவே வெளியே வரும். லாயஸைக் கொன்றவன் யார் என்றுதான் ஈடிபஸ் தேடிக்கொண்டிருக்கிறான். பார்வையற்ற டைரீசியஸ் ஆரம்பத்திலேயே 'நீ தேடும் கொலைகாரன் நீதான்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். ஆனால் சண்டைக்கு நடுவே சொன்னதால் அது வசவாகத்தான் கேட்கிறது. இன்னொன்று, லாயஸைக் கொன்றது ஒருவனா, பலரா? தப்பி வந்த ஒரே ஆள் 'கொள்ளையர்கள்' என்று பன்மையில் சொல்லியிருக்கிறான். ஈடிபஸ் அந்தப் பன்மையைத்தான் பிடித்துத் தொங்குகிறான். அதைக் கேட்கத்தான் மேய்ப்பனாகிவிட்ட அந்த ஆளைக் கூட்டிவரச் சொல்கிறான். அந்த ஆளும் வருகிறான். ஆனால் ஒருவனா, பலரா என்ற கேள்வியை யாரும் கேட்பதேயில்லை! பேச்சு குழந்தை யாருடையது என்பதற்குப் போய்விடுகிறது. இதை நான் சொல்வதில்லை, "எந்தக் கேள்விக்காக இவனைக் கூப்பிட்டார்கள், பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவேன். மறுநாள் நாலைந்து பேராவது கடுப்போடு வருவார்கள்.

இதற்கு நடுவில் ஒரு வருடம் பட்டிமன்றம் வைத்துப் பார்த்தேன். ஈடிபஸின் வீழ்ச்சிக்குக் காரணம் விதியா, அவன் குணமா? நடுவர் நான். வகுப்பு அமளிதுமளிப்பட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். எனக்கு ஒரே பெருமை. மறுவாரம் கேட்டால் ஒருவருக்கும் நாடகத்தில் ஒரு வரி ஞாபகமில்லை. அவரவர் சொன்ன ஜோக்குதான் ஞாபகம் இருந்தது. பட்டிமன்றத்தில் எதிரணிக்குச் சாதகமான வரியை மறைத்தாக வேண்டும், கடைசியில் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். இந்த நாடகத்தில் அது இரண்டும் ஆகாது. இப்போது ஒரே ஒரு விதிதான்: எதைச் சொன்னாலும் பக்கத்தைச் சொல். தமிழில் பேசு, சண்டை போடு, ஆனால் பக்கத்தைக் காட்டு. பேசி முடித்ததை ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுது. தமிழில் பேச விட்டதற்கு எனக்குத் துறையில் ஒரு குட்டு விழுந்தது. ஆனால் யோசிக்காததை எந்த மொழியில் எழுதி என்ன?

விதி என்ற சொல்லே ஒரு வம்பு. 'ஃபேட்' என்றதும் பிள்ளைகள் ஊழ்வினை என்று எழுதிவிடுவார்கள். சிலப்பதிகாரத்திலிருந்து 'ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்' வந்து விழும். நான் மறுப்பதில்லை, மேலே கேட்பேன். கோவலன் எதற்காக வெட்டுண்டான்? மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது: முற்பிறவியில் பரதன் என்ற பெயரில் இருந்தபோது சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்தான், அவன் மனைவி நீலியின் சாபம் இது. ஆக, நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஈடிபஸுக்கு அந்தக் கணக்கு எங்கே எழுதியிருக்கிறது? இந்த நாடகத்தில் தேடிப் பாருங்கள். தேடுவார்கள். கிடைக்காது. தகப்பனைக் கொல்வான் என்று அவன் பிறக்கும் முன்பே குறி சொல்லப்பட்டுவிட்டது, ஏன் என்று சோஃபோக்ளிஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு பையன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காரணம் சொல்லாம அடிச்சா அதிகமா வலிக்கும் மேம்" என்றான்.

பாண்டியன் அவைதான் இதற்கு இன்னும் கிட்டே வருகிறது. தீப்ஸின் கொள்ளைநோய்க்குக் காரணமான கொலைகாரன் யாராக இருந்தாலும், என் வீட்டிலேயே இருந்தாலும், நாசமாகப் போகட்டும் என்று ஈடிபஸ் ஊரறியச் சபிக்கிறான். நீதி சொல்ல உட்கார்ந்தவனே குற்றவாளி என்பது தெரிகிற கணம் நம்மிடமும் உண்டு: 'யானோ அரசன் யானே கள்வன்'. பள்ளியிலேயே மனப்பாடம் செய்த வரி. அரிஸ்டாட்டில் 'அறிதல்' என்று சொல்வது இந்தக் கணத்தைத்தான் என்றால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி வித்தியாசத்தில் இருக்கிறது. பாண்டியன் 'கெடுகவென் ஆயுள்' என்று சொல்லி அந்த இடத்திலேயே விழுந்து சாகிறான். ஈடிபஸ் சாவதில்லை. குருடனாக வாழ்வதைவிடச் சாவது மேல் அல்லவா என்று கோரஸே கேட்கிறது. செத்துப் போனால் அங்கே அப்பாவையும் அம்மாவையும் எந்தக் கண்ணால் பார்ப்பேன் என்கிறான். பாண்டியனுக்கு வழி சுலபமாகக் கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு வகுப்பு முடிவு செய்தது. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. ஆனால் பக்கம் காட்டியிருந்தார்கள், விட்டுவிட்டேன்.

'ட்ராஜிக் ஃப்ளா' என்று நோட்ஸில் வருவதற்கு அரிஸ்டாட்டிலின் சொல் ஹமார்ஷியா. அதைப் பற்றிச் சொல்லாமல் தேர்வு தாண்ட முடியாது. வில்வித்தையில் குறி தப்புவதற்கான சொல் அது. அதே சொல்தான் கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் பாவத்துக்கும் வருகிறது. குணக்கேடு என்று நாம் எழுதுவதெல்லாம் பிற்காலத்து ஏற்றம். டாட்ஸும் அதைத்தான் சொல்கிறார்: அரிஸ்டாட்டில் குறிப்பது தெரியாமல் செய்த பிழை. இதை விளக்கிக்கொண்டிருந்தபோது முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி, "அப்ப அவன் பாவம் பண்ணிட்டான். ஆனா பாவம், மேம்" என்றாள். தமிழில் குற்றத்துக்கும் இரக்கத்துக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. பத்து மார்க் கேள்வியில் 'ட்ராஜிக் ஃப்ளா' என்று கேட்டால் என்ன எழுத? முதல் பத்தியில் கைடு சொல்வதை எழுது, இரண்டாவது பத்தியில் 'ஆனால்' என்று ஆரம்பி. இதற்கு இதுவரை யாருக்கும் மார்க் குறைந்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் தவறிவிட்டேன். யொகாஸ்டா தூக்கிட்டுக்கொண்டதையும், அவள் உடையின் ஊசிகளை உருவி ஈடிபஸ் கண்ணில் குத்திக்கொண்டதையும் இரண்டாவது தூதன் வந்து நீளமாக விவரிப்பான். அதை உருக்கமாக வாசிக்கச் சொல்லி ரசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் எழுந்து வெளியே போனாள். மரியாதையில்லை என்று நினைத்து ஆப்சென்ட் போட்டேன். அவள் வீட்டில் அப்படி ஒரு சாவு நடந்திருந்தது என்று மாலையில் தோழி சொன்னாள். இப்போதெல்லாம் நாடகத்தைத் தொடங்கும் முதல் நாளே கடைசிக் காட்சியில் என்ன வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். அன்று வகுப்புக்கு வராவிட்டாலும் வருகை உண்டு, காரணம் கேட்க மாட்டேன்.

கடைசி வேலை மொழிபெயர்ப்பு. யொகாஸ்டா பேசும் இடங்களில் ஏதாவது பத்து வரியைத் தமிழாக்க வேண்டும். ஆங்கிலத்தில் எல்லாமே 'யூ'. தமிழில் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வார்கள். நீயா, நீங்களா? அவள் அரசி, வயதிலும் மூத்தவள், 'நீ' என்றே சொல்லலாம் என்றது ஒரு கட்சி. என்ன இருந்தாலும் புருஷன், 'ஏங்க'தான் என்றது இன்னொன்று. "எங்கம்மா அப்பாவ மாமான்னுதான் கூப்பிடும்" என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. நம்மிடம் கூப்பிடுகிற சொல்லே யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக் கூடாது என்று சொல்லிவிடுகிறது. அப்படியென்றால் ஈடிபஸின் மகள்கள் அவனை எப்படிக் கூப்பிடுவார்கள்? முடிவில் ஈடிபஸே அந்தச் சிறுமிகளை அழைக்கும்போது, உங்கள் அண்ணனின் கைகளுக்கு வாருங்கள் என்கிறான். அந்த வரியைக் காட்டினேன். யாரும் ஒன்றும் பேசவில்லை.

யொகாஸ்டாவின் கடைசி வரியும் கூப்பிடுவதைப் பற்றியதுதான். ஐயோ, பரிதாபத்துக்குரியவனே, உன்னை அழைக்க என்னிடம் இந்த ஒரு சொல்தான் இருக்கிறது, இனி வேறு எதுவும் ஒருபோதும் இல்லை. சொல்லிவிட்டு உள்ளே போகிறவள் திரும்பி வருவதில்லை.

எனக்குப் போர்ஷனே இல்லை என்று சொன்ன அந்தப் பெண் இந்த வரியைத்தான் எடுத்திருந்தாள். அதுவரை வந்த வரிகளில் ஒழுங்காக 'ஏங்க', 'நீங்க' என்று எழுதி வந்தவள், இங்கே 'என்னங்க' என்று எழுதி அடித்திருந்தாள். 'பாவி' என்று எழுதி அதையும் அடித்திருந்தாள். கடைசியில் 'எய்யா' என்று மட்டும் இருந்தது.

"எங்க ஆச்சி எங்கப்பாவ அப்படித்தான் கூப்பிடும் மேம்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் தாய் மகனைக் கூப்பிடுகிற சொல். கிரேக்கத்தில் அவள் அவனை மகனே என்று சொல்வதில்லை, அது மூலத்தில் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, "இன்டர்னலுக்கு எத்தனை மேம்?" என்று கேட்டாள்.

அஞ்சுக்கு அஞ்சு என்றேன்.